வீடு தேடி வரும் நர்சு: சலுகை இல்லை... உரிமை! கர்ப்பிணிகள் தெரிஞ்சுக்க வேண்டிய சட்டங்கள்

"ஏம்மா, நர்சம்மா வர்றாங்க. அட்டையை எடுத்து வை!"

கிராமத்தில் கர்ப்பிணி இருக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது. நர்சு வருவார். பிரஷர் பார்ப்பார், எடை பார்ப்பார், சத்து மாத்திரை கொடுப்பார், போய்விடுவார். "ஏதோ கவர்மெண்டு கொடுக்குது, வாங்கிக்குவோம்" என்றுதான் பலரும் நினைக்கிறார்கள்.

ஆனால் அந்த நர்சு வருவது யாரோ போடும் பிச்சை அல்ல. அதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

வெள்ளைக்காரர் காலத்து சட்டம்

சென்னை மாகாணத்தில் 1926-ம் ஆண்டிலேயே நர்சுகள், மருத்துவச்சிகள் சட்டம் வந்துவிட்டது. பிரசவம் பார்ப்பவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். சென்னையில் உள்ள தமிழ்நாடு நர்சுகள் கவுன்சில் இந்தச் சட்டத்தின்படி உருவானதுதான்.

அடுத்து 1939-ல் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. இதில் தாய்-சேய் நலத்துக்கென்றே தனி பகுதி உண்டு. தாய்-சேய் நலப் பணிகளைச் செய்வது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்று அது சொல்கிறது. "முடிஞ்சா செய்றோம்" என்பது கிடையாது. செய்தே ஆக வேண்டும்.

2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. கர்ப்ப காலத்திலும், பிரசவத்துக்குப் பிறகு 6 மாதம் வரையிலும் அங்கன்வாடி மூலம் இலவச உணவு தர வேண்டும். பேறுகால உதவியாக ரூ.6 ஆயிரத்துக்குக் குறையாமல் தர வேண்டும். இவை சட்டத்தில் எழுதி வைக்கப்பட்ட உரிமைகள். அரசின் நிரந்தர ஊழியர்கள் போன்றோருக்கு இந்த உதவித்தொகை மட்டும் பொருந்தாது.

2023-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நர்சிங் ஆணையச் சட்டம், பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தகுதி பெற்ற நர்சாகவோ, மருத்துவச்சியாகவோ பணியாற்ற முடியாது என்கிறது. ஆகவே ஊசி போட வருபவரிடம் "நீங்க படிச்ச நர்சாம்மா?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

நர்சு என்னென்ன செய்யணும்?

சமவெளியில் சுமார் 5 ஆயிரம் பேருக்கும், மலைப்பகுதியில் 3 ஆயிரம் பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. அங்கே இருப்பவர்தான் கிராம சுகாதார நர்சு. டவுனில் நகர்ப்புற சுகாதார நர்சு.

நாள் தள்ளிப்போனதும், 12 வாரத்துக்குள் அவரிடம் பதிவு செய்துவிட வேண்டும். பிரசவத்துக்குள் குறைந்தது 4 தடவை பரிசோதனை உண்டு. ரத்த அழுத்தம், ரத்தத்தின் அளவு, சிறுநீர், எடை எல்லாம் பார்க்க வேண்டும். தடுப்பூசி, 180 நாளைக்கு இரும்புச்சத்து மாத்திரை இலவசம்.

பதிவு செய்ததும் ஒரு எண் தருவார்கள். அதை பத்திரமா வெச்சுக்கணும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அந்த எண் அவசியம். 2018 முதல் இந்தத் திட்டத்தில் ரூ.14 ஆயிரம் ரொக்கம், ரூ.4 ஆயிரம் மதிப்புள்ள 2 ஊட்டச்சத்து பெட்டகங்கள் என மொத்தம் ரூ.18 ஆயிரம். ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு, முதல் 2 பிரசவங்களுக்குக் கிடைக்கும்.

குழந்தை பிறந்த பிறகும் வேலை முடியவில்லை. 3, 7, 14, 21, 28, 42-வது நாட்களில் வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் பார்க்க வேண்டும் என்பது நாடு முழுவதும் உள்ள வழிமுறை.

காசு கொடுக்காதீங்க!

2011-ல் தொடங்கிய தாய்-சேய் பாதுகாப்புத் திட்டத்தின்படி அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, ஸ்கேன், ரத்தம் எல்லாமே இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் சாப்பாடும் உண்டு. வீடு திரும்ப 102 வண்டி வரும். "குழந்தையைக் காட்ட காசு" என்று யார் கேட்டாலும் தர வேண்டியதில்லை.

திருப்பூர் தந்த பாடம்

2018 ஜூலையில் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில், ரத்தப்போக்கு நிற்காமல் ஒரு இளம்பெண் உயிரிழந்தார். கணவர் கைதானார். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் கொட்டினால் உயிரைக் காப்பாற்ற கிடைப்பது கொஞ்ச நேரம்தான். ரத்தப்போக்கை நிறுத்தும் ஊசி கையில் இருந்து, அதைப் போடத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் தாய் பிழைப்பாள். அந்த ஆளை உறுதி செய்யத்தான் இவ்வளவு சட்டமும்.

இதற்குப் பலன் இல்லாமலும் இல்லை. 2001-03-ல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தனர். 2018-20-ல் அது 54 ஆகக் குறைந்தது. ஆனாலும் அந்த 54 பேரும் ஒவ்வொரு வீட்டுப் பெண்தானே!

நர்சு வராவிட்டால்?

ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தாய்-சேய் நலப் பணி கடமை என்பது சட்டம். எத்தனை தடவை வர வேண்டும் என்பது அரசு வழிமுறை. வழிமுறை மாறலாம், கடமை மாறாது. ஒரே நர்சு பல ஊர்களைச் சுற்றி, கணக்கும் எழுத வேண்டியிருப்பதால் சில சமயம் தாமதமாகும். அவரோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

முதலில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லுங்கள். அங்கும் நடக்கவில்லையா? 104-க்கு போன் போடுங்கள். அதற்கும் மேலே, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. அங்கே மனு கொடுக்கலாம்.

ஆனால் ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், முகம்-கை வீக்கம், வலிப்பு, குழந்தை அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் நர்சுக்காகக் காத்திருக்க வேண்டாம். பச்சைக்குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலும், வேகமாக மூச்சு வாங்கினாலும் அப்படித்தான். உடனே 108-க்கு போன் போடுங்க. மனுவை அப்புறம் எழுதிக்கலாம்!