ஒற்றைக் குண்டும் மான் வேட்டையும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி, ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தினான் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருப்பதை நாம் அறிவோம். அது புலவர் தம் வள்ளலுக்குச் சூட்டிய புகழ்மாலை. மெய்யான வேட்டையிலோ ஓர் அம்புக்கு ஒரு விலங்கு வீழ்வதே அரிது. எனினும், ஒற்றைக் குண்டை மட்டும் நம்பி மானைத் தேடிக் காடேகுவோர் இன்றும் உலகின் ஒரு மூலையில் இருக்கின்றனர். வட அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கிறிஸ்துமஸ் திருநாளுக்குப் பின் வரும் உறைபனிக் காலத்தில் இவ்வேட்டை நடைபெறுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட முறைத் துப்பாக்கியை மக்கள் ஏன் விரும்பி ஏந்துகின்றனர்? அதனால் விளையும் நன்மை யாது? இவற்றைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். சட்டங்களையும் விதிகளையும் தமிழாக்கும் பணியில் உள்ள நமக்கு, இக்கருவிக்கு ஏட்டில் வழங்கும் பெயரைவிட ஊரில் வழங்கும் பெயரே பொருள் விளங்கத் தோன்றுகிறது. நம் சிற்றூர்களில் இதை 'நாட்டுத் துப்பாக்கி' என்பர். பின்புறம் திறந்து தோட்டாவைப் பொருத்தும் அமைப்பு இதில் இல்லை. கருமருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகவே இட்டுக் கெட்டிக்க வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் குடியேறிய கொல்லர்கள் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் பட்டறை அமைத்தனர். அவர்கள் தாய்நாட்டில் செய்து பழகியது குட்டைக் குழலும் பெருந்துளையும் உடைய வேட்டைத் துப்பாக்கி. புதிய நாட்டிலோ காடு பெரிது, கடை தொலைவு, ஈயமும் மருந்தும் அருமை. ஆகவே குழலை நாற்பது அங்குலத்துக்கு மேல் நீட்டினர். துளையைச் சுமார் அரை அங்குலமாகச் சுருக்கினர். இதன் ஆதாயத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 0.60 அங்குலக் குண்டாயின் ஒரு பவுண்டு ஈயத்தில் இருபத்தொன்றுக்கு மேல் தேறாது, 0.49 அங்குலக் குண்டாயின் ஏறத்தாழ நாற்பது வார்த்தெடுக்கலாம். கென்டக்கித் துப்பாக்கி என்று பிற்காலத்தில் புகழ்பெற்றதும் பெரும்பாலும் இப்பென்சில்வேனியக் கொல்லர்களின் கைவேலையே.

இனி, கெட்டிக்கும் முறையைக் காண்போம். மாட்டுக் கொம்பில் சேமித்த கருமருந்தை ஓர் அளவுக் குழாயில் அளந்து குழலுள் கொட்டுவர். எண்ணெயோ கொழுப்போ தடவிய பருத்தித் துணித்துண்டு ஒன்றை வாயின்மேல் விரித்து, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து அழுத்துவர். குண்டு துளையைவிடச் சற்றே சிறியது. எஞ்சும் இடைவெளியைத் துணி நிரப்பும். பின்பு நீண்ட மரக்கோலால் குண்டு மருந்தின்மேல் நன்கு அமரும்வரை தள்ளுவர். இடையில் வெற்றிடம் இருப்பின் குழல் புடைக்கவோ வெடிக்கவோ கூடும்; எனவே கோலில் அடையாளமிட்டுச் சரிபார்ப்பது வழக்கம். கடைசியாகக் குழலின் பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்தில் மிக நுண்ணிய மருந்தைச் சிறிது தூவி மூடுவர். கைதேர்ந்தவருக்கும் இவ்வளவுக்கும் ஏறத்தாழ அரை நிமிடமாகும். அதற்குள் மான் அடுத்த மேட்டைத் தாண்டியிருக்கும்.

விசையை இழுத்ததும் சிக்கிமுக்கிக் கல் பற்றிய குதிரை பாய்ந்து எஃகுத் தகட்டில் உரசுகிறது. தகடு பின்னே சாயக் கிண்ணம் திறக்கிறது. தீப்பொறி விழுந்து நுண்மருந்து பற்றுகிறது. அத்தீ ஊசித்துளை வழியே உட்புகுந்து பெருமருந்தைக் கொளுத்துகிறது. இவை யாவும் கண்ணிமைக்கும் பொழுதில் நிகழினும், அந்த இமைப்பொழுதில் கை அசைந்தால் குறி தவறும். ஈரம் புகுந்தாலோ கிண்ணத்து மருந்து மட்டும் பளிச்சிட்டு அடங்க, உள்மருந்து பற்றாது நின்றுவிடும். மழையும் பனியும் உள்ள நாளில் பூட்டின்மேல் தோலுறை போர்த்திச் செல்வது இதற்காகவே. 1807இல் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தட்டினாலே வெடிக்கும் மருந்துக்குக் காப்புரிமை பெற்ற பின்பு, சில பத்தாண்டுகளில் சிக்கிமுக்கிக் கல் வழக்கொழிந்தது.

உருண்டைக் குண்டின் இயல்பு தனித்தன்மை வாய்ந்தது. குழலின் உட்புறத்தில் வெட்டிய திருகுவரிகள் துணியைப் பற்றித் துணியோடு குண்டையும் சுழற்றி அனுப்புகின்றன. சுழலும் குண்டு நேராகச் செல்லும். குண்டின் எடை விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 0.44 அங்குலக் குண்டு ஏறத்தாழ 8 கிராம், 0.49 அங்குலக் குண்டோ ஏறத்தாழ பதினொன்றரைக் கிராம். விட்டத்தில் சிறு வேறுபாடு, எடையில் பெரு வேறுபாடு! உருண்டை வடிவம் காற்றால் பெரிதும் தடுக்கப்படுவதால் வேகம் விரைவில் குன்றும். நூறு கஜத் தொலைவுக்குள் தொடக்க வேகத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். தாக்கும் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைச் சார்ந்ததாதலால், எஞ்சுவது மூன்றில் ஒரு பங்கே.

இக்கணக்கில்தான் வேட்டையின் அறமும் அடங்கியிருக்கிறது. அறிந்த வேட்டைக்காரன் ஐம்பது, அறுபது கஜத்துக்குள் மான் வரும்வரை காத்திருப்பான். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, நுரையீரலும் இதயமும் உள்ள இடத்தையே குறி வைப்பான். மான் நேர் எதிரே நின்றாலும், புதர் மறைத்தாலும், ஓடினாலும் விசையைத் தொடமாட்டான். சுட்டவுடன் வெண்புகை எழுந்து எதிரில் உள்ளதை மறைக்கும். அப்பொழுது பதறி ஓடுதல் தவறு. மான் நின்ற இடத்தையும் ஓடிய திசையையும் மனத்தில் கொண்டு, முதலில் துப்பாக்கியை மீண்டும் கெட்டித்துவிட்டு, சற்று நேரம் அசையாது காத்திருக்க வேண்டும். அடிபட்ட மானை உடனே துரத்தினால் அது நெடுந்தொலைவு ஓடி, எவர் கையிலும் அகப்படாமல் நொந்து சாகும். காத்திருந்து குருதித் தடத்தைப் பின்பற்றினால் பெரும்பாலும் அருகிலேயே கிடைக்கும். தடத்தை இடையில் கைவிடுதல் அவர்களிடையே பெரும் இழுக்கு.

அப்படியாயின் இவ்வேட்டைக்கு அரசு இடம் கொடுப்பானேன்? கட்டுப்பாடற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பென்சில்வேனியாவில் மான் அருகிப்போயிற்று. 1895இல் வேட்டை விலங்கு ஆணையம் ஒன்றை மாநில அரசு நிறுவியது. 1906 முதல் வெளி மாநில மான்கள் வாங்கி விடப்பட்டன. 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம், களவாக வேட்டையாடிய விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் விற்பதைத் தடுத்தது. 1937ஆம் ஆண்டின் சட்டமோ நீள்துப்பாக்கி மீதும் தோட்டா மீதும் விதிக்கப்பட்ட வரிப்பணத்தை வனவிலங்கு மேம்பாட்டுக்கு ஒதுக்கியது. மான் பெருகிற்று, ஆனால் அதைத் தின்னும் ஓநாய்கள் முன்னரே மறைந்துவிட்டன. இளங்கன்றுகளை மான்கள் மேய்ந்துவிடக் காடு மீள முளைக்க இயலாத நிலை பல இடங்களில் ஏற்பட்டது. ஆகவே, அளவோடு வேட்டையாடுவது காட்டைக் காக்கும் வழிகளுள் ஒன்றாயிற்று. 1974இல் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனிப் பருவம் ஒன்று தொடங்கப்பட்டது. கருவி மெதுவானது, தொலைவு குறைந்தது, எனவே மானுக்குத் தப்பும் வாய்ப்பு மிகுதி.

இக்கதையில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. கருமருந்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பு. பீகாரில், பாட்னா வட்டாரத்து மண்ணிலிருந்து எடுத்த வெடியுப்பை 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றன. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல், டூ பான்ட் மருந்துச் சாலையின் பிரதிநிதி இந்திய வெடியுப்பை வாங்குவதற்காகவே இங்கிலாந்து சென்றார். பாட்னாவில் பணிபுரியும் நம் தமிழ் அன்பர்கள் தாம் நடக்கும் மண்ணின் இப்பழைய வரலாற்றை எண்ணிப் பார்க்கலாம்.

குடகு நாட்டில் வாழும் நம்மவர் 'கையில்போத்' திருநாளைக் கண்டிருப்பர். அன்று குடகர் தம் துப்பாக்கிகளையும் ஆயுதங்களையும் மலர் சூட்டி வழிபடுவர். பின்பு தேங்காயைக் குறி வைத்துச் சுடும் போட்டி நடைபெறும். துப்பாக்கி உரிமம் பெறுவதினின்று அவர்களுக்கு நெடுங்காலமாக விலக்கு உண்டு. மற்றவர்க்கு நாட்டுத் துப்பாக்கியாயினும் உரிமம் வேண்டும் என்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதி. மான் வேட்டையோ எவருக்கும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் அவ்வாயிலை அடைத்துவிட்டன. அங்கே ஓநாய் இல்லை, மான் மிகுதி. இங்கே புலியும் சிறுத்தையும் செந்நாயும் மானை நம்பியே வாழ்கின்றன. நம் காட்டில் ஒருவன் களவாகச் சுடும் ஒவ்வொரு மானும் புலியின் வாயிலிருந்து பறித்த உணவேயாகும். இடத்துக்கு இடம் சட்டம் வேறுபடுவதன் காரணம் இதுதான்.

எனினும், அந்தப் பனிக்காட்டு வேட்டைக்காரனிடம் நாம் கற்கத் தக்கது ஒன்று உண்டு. அவன் கையில் இருப்பது ஒரே குண்டு. அது தவறினால் திருத்திக்கொள்ள நேரமில்லை என்பதை அவன் அறிவான். ஆகவே, சுடக்கூடாத பொழுதில் சுடாமல் திரும்புவதையே அவன் தன் திறமையின் முதற்பகுதியாகக் கொள்கிறான். குழலில் இட்ட குண்டு இட்டபடியே இருக்க, மாலையில் வெறுங்கையோடு வீடு திரும்பும் நாட்களே அவனுக்குப் பல. அந்நாட்களை அவன் வீண் நாட்களாகக் கருதுவதில்லை.