செவ்வாயின் காற்று எங்கே சென்றது?

கடல்மட்டத்தில் பூமியின் காற்றழுத்தம் சுமார் 1,013 மில்லிபார் ஆகும். செவ்வாயின் தரையிலோ அது ஏறத்தாழ 6 மில்லிபார் மட்டுமே. இத்துணை மெல்லிய காற்றின்கீழ் நீர் நிலைத்து ஓடுதல் அரிது. உறைந்துவிடும், அன்றேல் ஆவியாகிவிடும். எனினும் அக்கிரகத்தில் வறண்ட ஆற்றுப்படுகைகளும் ஏரித்தடங்களும் காணப்படுகின்றன. முன்னாளில் அங்கு நீர் ஓடியதெனின், அடர்ந்த வாயுமண்டலமும் இருந்திருத்தல் வேண்டும். அது பாறைகளோடு கூடி மண்ணுள் அடங்கிற்றா, விண்வெளிக்குத் தப்பிற்றா?

வாயு தப்பும் வாயில் கிரகத்தின் உச்சிக் காற்றில் உள்ளது. அதனை ஆராய, அவ்விடத்தை மீண்டும் மீண்டும் கடந்து செல்லும் கலம் தேவை. 2014 செப்டம்பர் மாதத்தில் அமெரிக்காவின் மேவன், இந்தியாவின் மங்கள்யான் ஆகிய இரு கலங்கள் சில நாள் இடைவெளியில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கின.

மேவனின் நீள்வட்டப் பாதை 6,000 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து, 150 கிலோமீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. தாழ்ந்த முனையில் அது மெல்லிய காற்றினூடே சென்றபோது, அதிலிருந்த கருவியொன்று உட்புகுந்த அணுக்களுக்கு மின்னேற்றம் ஊட்டி, எடைவாரியாகப் பிரித்து எண்ணியது.

இவ்வாய்வில் ஆர்கான் வாயுவே சிறந்த சாட்சியாயிற்று. அது பாறையோடு கூடுவதில்லை. ஆகவே குறைந்த பங்கு விண்வெளிக்கே சென்றிருத்தல் வேண்டும். ஆர்கானில் 36, 38 என்னும் எடையுடைய இருவகை அணுக்கள் உள்ளன. உயரே செல்லச்செல்ல இலேசானவற்றின் விகிதம் மிகுவதால், அவையே எளிதில் வெளியேறுகின்றன. பதர் கலந்த நெல்லைத் தூற்றுங்கால் பதர் பறந்து, எஞ்சியதில் நெல்லின் பங்கு மிகுவதுபோல, எஞ்சிய காற்றில் 38இன் பங்கு மிகுகிறது. இவ்விகிதத்தைக் கொண்டு, செவ்வாயின் வாயுமண்டலத்தில் இருந்த ஆர்கானில் சுமார் 65 விழுக்காடு விண்வெளிக்குச் சென்றுவிட்டதென 2017இல் கணக்கிடப்பட்டது.

மங்கள்யானின் 'மெங்கா' என்னும் கருவியும் ஆர்கானை ஆராய்ந்தது. 2014 டிசம்பரில் கலம் ஏறத்தாழ 265 கிலோமீட்டர் உயரம்வரை தாழ்ந்தபோது, எதிர்பார்த்ததினும் மிகுந்த வெப்பமுடைய ஆர்கான் அங்கிருப்பதை அது காட்டிற்று. ஆறு திங்களுக்கென அமைக்கப்பட்ட இக்கலத்தின் தொடர்பு 2022இல்தான் அற்றது.

சூரியனிலிருந்து வீசும் மின்துகள்கள் நொடிக்குச் சுமார் 100 கிராம் வாயுவைக் கவர்ந்து செல்வதாக மேவனின் அளவீடுகள் 2015இல் தெரிவித்தன. இஃது ஆண்டுக்கு 3,000 டன்னுக்கு மேலாகும். ஆயினும் 400 கோடி ஆண்டுகள் இவ்வேகமே நீடித்திருப்பினும், இழப்பு இன்று எஞ்சியுள்ள காற்றின் பாதியளவே ஆகும். ஆகவே இளமைக்காலச் சூரியனின் புற ஊதாக் கதிர்களும் மின்துகள் வீச்சும் மிக்க வன்மையுடன் இருந்தபோதே செவ்வாய் தன் காற்றின் பெரும்பகுதியை இழந்தது என்பது பெறப்படுகிறது.