குன்றுவழியும் மிதிவண்டியும்

பாதை என்பது ஒருவர் வகுத்துத் தந்த பொருள் அன்று. பலர் நடந்து நடந்து ஆக்கிய பொருள் ஆகும். ஆடு மேய்ப்போர், உழவர், வணிகர், குதிரையேறிச் செல்வோர் ஆகியோரின் அடிச்சுவடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தே நாட்டுப்புறத்து வழிகள் பலவும் தோன்றின. அவ்வாறு தோன்றிய பழவழி ஒன்றில் புதியதோர் ஊர்தி வந்து சேருமாயின், அதற்கு இடம் உண்டா? உண்டெனின், அஃது எம்முறையில் அவ்வழியைப் பயன்கொள்ளுதல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு நல்ல விடை தருவது, இங்கிலாந்தின் தென்பகுதியில் உள்ள ‘சௌத் டௌன்ஸ் வழி’ என்னும் நெடும்பாதை.

‘டௌன்’ என்னும் சொல் இக்காலத்தில் ‘கீழே’ என்று பொருள்படுவதால், இப்பெயரைக் கேட்போர் தாழ்ந்த நிலம் எனக் கருதுதல் கூடும். ஆயின், பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்பது குன்றைக் குறித்த சொல். அதன் வழிவந்ததே இப்பெயர். ஆதலின், ‘தென் குன்றுகள்’ என்பதே இதன் பொருளாம். மேற்கே வின்செஸ்டர் என்னும் பழைய நகரில் தொடங்கும் இப்பாதை, குன்றுத்தொடரின் முதுகின்மேல் ஏறத்தாழ 160 கிலோமீட்டர், அஃதாவது 100 மைல் சென்று, கிழக்கே ஈஸ்ட்போர்ன் என்னும் கடற்கரை நகரில் முடிகிறது. இக்குன்றுகள் வானளாவ உயர்ந்தவை அல்ல. பட்ஸர் குன்று 270 மீட்டரும், பிரைட்டன் நகருக்கு வடக்கே உள்ள டிச்லிங் பீக்கன் 248 மீட்டரும் உயரம் உடையன. எனினும், அவற்றின்மேல் நிற்போர் தெற்கே ஒளிவீசும் கடலையும், வடக்கே வயலும் சோலையும் சிற்றூரும் நிறைந்த சமவெளியையும் ஒருங்கே காணலாம்.

இக்குன்றுகள் மென்மையான வெண்சுண்ணக்கல்லால் ஆனவை. எட்டுக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு இந்நிலம் கடலடியில் இருந்தது. அக்கடலில் வாழ்ந்த நுண்ணிய பாசியுயிர்களின் சுண்ண ஓடுகள் அடிமட்டத்தில் படிந்து படிந்து இறுகிப் பாறையாயின. இச்சுண்ணக்கல் மழைநீரை விரைந்து உள்வாங்குவது. ஆதலின், வடக்கே உள்ள களிமண் சமவெளி மாரிக்காலத்தில் சேறாய்க் கிடக்கும்போதும் குன்றின் முகடு விரைவில் உலர்ந்துவிடும். பண்டை மக்கள் சமவெளியை விடுத்துக் குன்றின் முகட்டை வழியாகக் கொண்டமைக்கு இதுவே காரணம்.

இங்கிலாந்தில் இத்தகைய பாதைகள் பல, தனியார்க்கு உரிய நிலங்களின் ஊடே செல்கின்றன. நிலம் ஒருவருக்கு உரியதாயினும், அதன்மேல் செல்லும் வழி பொதுமக்களுக்கு உரியது. நிலத்திற்கு உரியவர் அதனை அடைத்தல் ஆகாது. இதற்கு ‘வழியுரிமை’ என்று பெயர். இவ்வழிகளுள் முதன்மையானவை இருவகைப்படும். கால்நடையாகச் செல்வோர்க்கு மட்டும் உரியது நடைவழி. நடப்போர்க்கும் குதிரையேறிச் செல்வோர்க்கும் உரியது குதிரைவழி. 1949-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று, மாவட்ட மன்றங்கள் இவ்வழிகளை ஆராய்ந்து நிலப்படத்தில் குறித்து வைத்தல் வேண்டும் என்று விதித்தது. எழுதப்படாத உரிமை மறக்கப்படும். மறக்கப்பட்ட உரிமை இழக்கப்படும் அன்றோ? ஆதலின், அப்படங்கள் மக்களின் உரிமை ஏடுகள் ஆயின.

அக்காலத்தில் மிதிவண்டியில் செல்வோர்க்குக் குதிரைவழியில் செல்லும் உரிமை இல்லை. 1968-ஆம் ஆண்டில் நாட்டுப்புறச் சட்டம் அவர்களுக்கு அவ்வுரிமையை வழங்கியது. ஆயினும், அதனுடன் ஒரு கடமையையும் அது பிணைத்தது. மிதிவண்டியில் செல்வோர், நடந்து செல்வோர்க்கும் குதிரையில் செல்வோர்க்கும் வழிவிடுதல் வேண்டும் என்பதே அக்கடமை. உரிமையும் கடமையும் ஒரு நாணயத்தின் இரு பக்கங்களாக அமைந்த சட்டம் இது. 1972-ஆம் ஆண்டில் சௌத் டௌன்ஸ் வழி திறக்கப்பட்டபோது, அது குதிரைவழியாகவே அமைந்தது. பின்னர் வின்செஸ்டர் வரை அது நீட்டப்பெற்றது.

இச்சட்டம் இயற்றப்பெற்ற நாளில் மலை மிதிவண்டி என்பது உலகில் தோன்றவில்லை. 1970-களில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் என்னும் பகுதி இளைஞர் சிலர், தடித்த டயர் கொண்ட பழைய மிதிவண்டிகளைத் தமால்பைஸ் மலைக்கு ஏற்றிச் சென்று, அதன் மண்பாதைகளில் இறங்கி விளையாடினர். பழைய வண்டிகள் அவ்வதிர்ச்சியைத் தாங்காமையால், மலைப்பாதைக்கென்றே புதிய வண்டிகளை அவர்கள் அமைக்கலாயினர். அவ்வூர்தி சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவியது. 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியிலும் மலை மிதிவண்டிப் பந்தயம் இடம்பெற்றது.

அகன்ற டயரில் முட்டுமுட்டாய் அமைந்த முனைப்புகள் மண்ணைப் பற்றிக்கொள்ளும். முன்னே சிறிய பற்சக்கரமும் பின்னே பெரிய பற்சக்கரமும் சங்கிலியால் இணையும்போது, மிதியை ஒரு முறை முழுதும் சுற்றினாலும் பின்சக்கரம் அதனினும் குறைவாகவே சுற்றும். கடக்கும் தொலைவு குறையினும், காலுக்கு வேண்டும் விசை குறைதலால், செங்குத்தான ஏற்றத்திலும் ஏறிச் செல்லுதல் இயலும். சௌத் டௌன்ஸ் வழியில் இவ்வமைப்பு பெரிதும் பயன்படுகிறது. அருண், அடூர், ஊஸ், கக்மியர் முதலிய ஆறுகள் குன்றுத்தொடரை அறுத்துக்கொண்டு கடலை நோக்கி ஓடுகின்றன. ஒவ்வோர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் இறங்கி மீண்டும் முகட்டிற்கு ஏறுதல் வேண்டும். ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆகும். வலிமை மிக்கோர் ஒரே நாளில் இதனைக் கடப்பினும், பலர் இரண்டு மூன்று நாட்களில் இன்புற்றுச் செல்வர்.

இடர்களும் உள. நனைந்த சுண்ணக்கல் சவர்க்காரம்போல் வழுக்கும். சுண்ணக்கல்லிடையே கிடக்கும் சிக்கிமுக்கிக் கற்கள் கத்திபோல் கூர்மையானவை. டயரைக் கிழித்து உள்ளிருக்கும் குழாயைத் துளைத்துவிடும். இவை செல்வோர்க்கு வரும் இடர்கள். பாதைக்கு வரும் இடரும் ஒன்று உண்டு. ஈரமண்ணில் சக்கரம் பதிந்து செல்லும் தடம், அடுத்த மழையில் நீரோடும் வாய்க்கால் ஆகும். அந்நீர் மண்ணை அரித்துப் பாதையைப் பள்ளமாக்கும். விரைந்து வந்து பிரேக்கை இறுகப் பிடித்துச் சக்கரத்தை இழுத்துச் செல்லுதல் இத்தீங்கைப் பெருக்கும். பல நூற்றாண்டுகள் நிலைத்த வழியைச் சில ஆண்டுகளில் சிதைத்துவிடுதல் அரிய செயல் அன்று.

இப்பாதையின் சிறப்பை நன்கு விளக்கும் இடம், கக்மியர் ஆற்றங்கரையில் உள்ள ஆல்பிரிஸ்டன் என்னும் சிற்றூர். அங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, ‘ஏழு சகோதரிகள்’ எனப்படும் வெண்பாறைச் செங்குத்துகளின் மேல் கடலோரமாகச் சென்று, ஏறத்தாழ 162 மீட்டர் உயரமுள்ள பீச்சி முனையைத் தாண்டி ஈஸ்ட்போர்னை அடைவது. கண்ணுக்கு இனிய காட்சி மிகுந்தது அதுவே. ஆயின், அது நடைவழி. மற்றொன்று, உள்நாட்டுக் குன்றின்மேல் ஏறி, ஜெவிங்டன் என்னும் ஊர் வழியாக அதே நகரை அடையும் குதிரைவழி. மிதிவண்டியர்க்கு உரியது இதுவே. மஞ்சள் அம்பு நடைவழியையும், நீல அம்பு குதிரைவழியையும் காட்டி நிற்கின்றன. அங்கே காவலர் எவரும் நிற்பதில்லை. ஆயினும், நெறியறிந்தோர் அழகிய கடலோரத்தை நடப்போர்க்கு விட்டு, நீல அம்பின் வழியே வண்டியைத் திருப்புவர். கடற்பாறைகளின் மேற்செல்ல விழைவோர், பிறிதொரு நாள் கால்நடையாக வந்து கண்டு மகிழ்வர்.

வழியிலும் அவர் சில முறைகளைக் கைக்கொள்வர். எதிரே குதிரை வரின் வேகத்தைக் குறைத்து, வேண்டுமாயின் இறங்கி நிற்பர். பின்னிருந்து நடப்போரை அணுகுங்கால், திடுக்கிடச் செய்யாது மணியொலித்து அறிவிப்பர். மேய்ச்சல் நிலத்து வாயிலை, திறந்திருந்தது எனின் திறந்தவாறும், மூடியிருந்தது எனின் மூடியும் விட்டுச் செல்வர். மூட மறந்த ஒரு வாயிலால் மந்தை முழுவதும் சிதறிவிடும் என்பதை அவர் அறிவர்.

வழிவிடுதல் தோல்வி அன்று. அது வழியைக் காக்கும் முறை. பழவழி புதிய ஊர்திக்கு இடம் தந்தது. புதிய ஊர்தி பழைய வழிப்போக்கர்க்கு ஒதுங்கி நின்றது. இவ்விரண்டும் நிகழும் வரையில் அக்குன்றுவழி எல்லார்க்கும் உரியதாய் நிலைபெறும்.