நெல்லை எத்தனை எழுத்து?

'நெல்லை' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளன? இதென்ன கேள்வி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லி விடுமே என்பீர்கள். நெ, ல், லை. மூன்று எழுத்து. பாளையங்கோட்டைத் தமிழாசிரியர் எவரைக் கேட்டாலும் இதே விடைதான்.

இப்பொழுது கணிப்பொறியைக் கேட்போம். மேல்நிலை இரண்டாம் ஆண்டுப் பாடத்தில் வருகிற பைதான் மொழி இருக்கிறதல்லவா? அதன் 3ஆம் பதிப்பிடம் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 6 என்கிறது. அதற்கு மூத்ததான 2ஆம் பதிப்போ, சாதாரணமாகக் கேட்டால், 18 என்று சொல்லும்! ஒரே சொல், ஒரே கேள்வி, மூன்று விடைகள். இவற்றுள் எது தவறு?

எதுவும் தவறில்லை என்பதுதான் வேடிக்கை. கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோட் என்ற அட்டவணையில் 'ந' என்பதற்கு 2984, ஒற்றைக் கொம்புக்கு 3014, 'ல'வுக்கு 2994, புள்ளிக்கு 3021, 'ஐ'காரக் குறிக்கு 3016. ஆகவே நெல்லை என்பது 2984, 3014, 2994, 3021, 2994, 3016 என்று ஆறு எண்கள். பைதான் 3 எண்ணியது இவற்றைத்தான். கோப்பில் எழுதும்போது, வழக்கத்தில் உள்ள யூ.டி.எஃப்-8 முறைப்படி, ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் இடம் வேண்டும். ஆறு மூன்று பதினெட்டு. பைதான் 2 எண்ணியது பைட்டுகளை.

அப்படியானால், ஓர் இடத்தில் ஒழுங்காக ஓடும் நிரல் வேறோர் இடத்தில் ஏன் தடுமாறுகிறது என்பதற்கு ஒரு நுனி அகப்பட்டு விட்டது. மற்றதைத் தெரிந்து கொள்ளச் சற்று அல்வாப் பக்கம் போய் வருவோம்.

திருநெல்வேலி அல்வாவை வேறு ஊரில் கிண்டினால் அந்தச் சுவை வராது, அதற்குத் தாமிரபரணித் தண்ணீர் வேண்டும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்ற வழக்கு இங்கே வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு. சென்னைக்குக் குடிபோகும் ஒருவர் அம்மாவிடம் செய்முறை கேட்டு எழுதிக் கொள்கிறார் என்று வைத்துக் கொள்வோம். கோதுமையை இவ்வளவு நேரம் ஊற வை, ஆட்டிப் பால் எடு, சர்க்கரை இத்தனை, நெய் இத்தனை. எல்லாம் இருக்கும். 'தண்ணீர் ஊற்று' என்றும் இருக்கும். எந்தத் தண்ணீர் என்று மட்டும் இருக்காது. குழாயைத் திறந்தால் ஆற்று நீர் வரும் வீட்டில் அதைச் சொல்லத் தோன்றுமா?

நிரல் எழுதுகிறவரும் அப்படித்தான். தம் கணிப்பொறியில் இயல்பாகக் கிடைப்பது எல்லாக் கணிப்பொறியிலும் கிடைக்கும் என்று, தம்மை அறியாமலே எண்ணிக் கொண்டு எழுதி விடுகிறார். வேறு கணிப்பொறிக்குப் போகும்போதுதான் சொல்லாமல் விட்டது தலை காட்டும். நிரல்களில் இந்தத் தொல்லையை மிகுதியாகப் படுவது மொழிபெயர்ப்பு நிரல்கள்தாம். நாம் எழுதும் ஆணைகளைப் பொறிக்குப் புரியும் ஆணைகளாக முழுவதையும் மாற்றித் தருவது கம்பைலர் என்னும் தொகுப்பான். ஆணைகளைப் படிக்கப் படிக்கவே நிறைவேற்றுவது இன்டர்பிரிட்டர். இரண்டும் நிரல்களே. ஆனால் மற்ற நிரல்கள் எல்லாம் இவற்றின் முதுகில் ஏறித்தான் ஓட வேண்டும். முதுகு வளைந்தால் சவாரி என்னாகும்?

தமிழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பொறியாளர் முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற கணிப்பொறி மொழி. 2009ல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். மூல நிரலையும் எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தார். எழிலில் ஆணைகள் தமிழ்ச் சொற்கள். திரையில் ஒன்றைக் காட்ட,

பதிப்பி "வணக்கம்"

என்று எழுதினால் போதும். 'ஆனால்', 'இல்லை', 'முடி', 'வரை' என்பவையெல்லாம் கட்டளைச் சொற்கள். ஆங்கிலம் பிடிபடாத மாணவனும் நிரல் எழுதிப் பழகலாம். எழில் ஓர் இன்டர்பிரிட்டர், பைதானில் எழுதப்பட்டது. ஆகவே பைதான் எந்தத் தண்ணீரோ, எழிலுக்கும் அதே தண்ணீர்.

இப்படி ஒரு தமிழ் மொழியை ஒரு கணிப்பொறியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டு போகும்போது என்னென்ன முட்டுக்கட்டைகள் வரும் என்று பாருங்கள்.

அம்பாசமுத்திரத்தில் ஒரு மாணவி லினக்ஸ் உள்ள கணிப்பொறியில் தமிழில் ஒரு கோப்பு எழுதுகிறாள். அதன் முதற் சொல் 'நெல்லை'. பைதான் 3ல் எழுதிய ஒரு நிரல் அதைத் திறந்து படிக்கிறது, தடங்கல் இல்லை. அதே நிரலையும் கோப்பையும் வள்ளியூரில் உள்ள தோழிக்கு அனுப்புகிறாள். அவளிடம் இருப்பது விண்டோஸ். அங்கே பிழை! 12ஆம் பைட்டைப் புரிந்து கொள்ள முடியவில்லை என்று நிரல் நின்று விடுகிறது. ஏன்?

கோப்பைத் திறக்கும்போது இது எந்த முறையில் எழுதப்பட்டது என்று நிரல் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் பைதான் அந்தந்தக் கணிப்பொறியின் வழக்கத்தைப் பின்பற்றும். லினக்ஸின் வழக்கம் யூ.டி.எஃப்-8. நம் நாட்டில் விற்கும் பெரும்பாலான விண்டோஸ் கணிப்பொறிகளின் வழக்கம், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக வகுத்த பழைய அட்டவணை ஒன்று. அந்த அட்டவணையில் ஒரு பைட் ஓர் எழுத்து. 'ந'வின் மூன்று பைட்டுகளும் மூன்று அயல் குறிகளாகி விடும்: தலையில் சாய்கோடு போட்ட பிரெஞ்சு எழுத்து, வட்டத்துக்குள் ஓர் ஆங்கில எழுத்து, இரண்டு சிறு புள்ளிகள். தமிழ் மின்னஞ்சல் சில வேளை இப்படிச் சிதைந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். கொம்பும் 'ல'வும்கூட இப்படியே வேடம் போட்டுக் கொண்டு தப்பி விடும். அடுத்து மெய்யெழுத்தின் புள்ளி வருகிறது. அதன் மூன்றாம் பைட்டுக்கு அந்த அட்டவணையில் இடமே ஒதுக்கப்படவில்லை. அங்கேதான் நிரல் முட்டிக் கொண்டு நிற்கிறது. முன்னால் போன மூன்று குறிகளுக்கு ஒன்பது பைட், புள்ளிக்கு மூன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாகப் 12ஆவது! தமிழில் புள்ளி இல்லாமல் எத்தனை வரி எழுத முடியும்?

மருந்து மிகச் சிறியது. கோப்பைத் திறக்கும் ஆணையில் 'இது யூ.டி.எஃப்-8' என்று சேர்த்து எழுதினால் தீர்ந்தது. செய்முறைத் தாளில் 'தாமிரபரணித் தண்ணீர்' என்று எழுதுவதைப் போல.

விண்டோஸின் பழைய நோட்பேட் இன்னொரு குறும்பு செய்யும். கோப்பின் தலைப்பில் கண்ணுக்குத் தெரியாத அடையாளமாக மூன்று பைட்டுகளைச் சேர்த்து விடும். 'பதிப்பி' என்று முதல் வரியில் சரியாகத்தான் எழுதியிருப்பீர்கள். அதை எதிர்பாராத மொழிபெயர்ப்பு நிரலோ அப்படியொரு கட்டளையே இல்லை என்று சாதிக்கும். எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் பிழை தெரியாது, தெரியாததுதானே பிழை!

அடுத்தது எழுத்தை அடையாளம் காணும் தொல்லை. நிரலில் நாம் வைக்கும் பெயர்களை மொழிபெயர்ப்பு நிரல் தனித் தனிச் சொற்களாகப் பிரித்துக் கொள்ள வேண்டும். 'எழுத்துகள் தொடர்ந்து வந்தால் அது ஒரு சொல்' என்பது ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி. யூனிகோட் கணக்கில் 'ந' எழுத்து. கொம்பும் புள்ளியும் எழுத்தல்ல, குறிகள். ஆகவே அந்த விதி நெல்லையை 'ந'வோடு வெட்டி விடும். 'நெல்லை என்பது முழுவதும் எழுத்துகளால் ஆனதா?' என்று பைதானைக் கேட்டால், இல்லை என்றே விடை வரும். நம்மவர்களுக்குக் கோபம் வரலாம். ஆனால் இது பகையன்று, யோசிக்காமல் விட்டது.

இதற்காகக் குறிகளை முன்னால் வந்த எழுத்தோடு ஒட்டி, ஆறு எண்ணை மூன்று எழுத்தாக்கித் தரும் நிரல்கள் தேவைப்பட்டன. முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' என்ற நிரல் தொகுப்பு இவ்வேலையைச் செய்கிறது. (ஒட்டும் விதி எளிதுதான். ஆனால் 'க்ஷ' வந்தால் அது ஓரெழுத்தா, ஈரெழுத்தா என்று பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும்!) 'கொ' என்பதையோ இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரம், கொம்பு, கால் என்று மூன்று எண். திரையில் இரண்டும் ஒன்றே. எண்களை அப்படியே ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வேறு வேறு. ஒருவர் ஒரு விசைப்பலகையில் 'கொடி' என்று பெயர் வைத்து, மற்றவர் வேறு விதமாக அடித்து அதைத் தேடினால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று விடை வரும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வருவதுதான் வழி.

இவையெல்லாம் கூச்சல் போடும் பிழைகள். கூச்சல் போடுகிற பிழை நல்ல பிழை என்பேன். மௌனமாக இருப்பவைதான் ஆபத்து. 5ஐ 2ஆல் வகுக்கச் சொன்னால் பைதான் 2 தரும் விடை 2. பைதான் 3 தரும் விடை 2.5. இரண்டும் முகத்தை இயல்பாக வைத்துக் கொண்டு சொல்லும். 3ஆம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. 2ஆம் பதிப்புக்குப் பராமரிப்பு 2020ன் தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டது. இடையே பதினோர் ஆண்டுகள், இரண்டிலும் ஓட வேண்டிய நிரல்களை எழுதியவர்கள் ஒவ்வொரு வகுத்தலையும் பார்த்துப் பார்த்துத் திருத்தினார்கள்.

இன்னும் ஒரு படி கீழே இறங்கலாமா? நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைதான் எதில் எழுதப்பட்டது? சி மொழியில். ஒவ்வொரு வகைக் கணிப்பொறிக்கும் அதைச் சி தொகுப்பான் கொண்டு தனியாகக் கட்டி எடுக்க வேண்டும். அங்கே வேறு வகை வழக்குகள். முன்னாளில் படி, மரக்கால் என்ற அளவுகள் ஊருக்கு ஊர் மாறும். 'பத்து மரக்கால் நெல்' என்றால் எந்த ஊர் மரக்கால் என்று கேட்க வேண்டும். சி மொழியின் முழு எண்ணும் ஒரு மரக்கால்தான். பழைய டர்போ சி தொகுப்பானில் அது 16 பிட். 32,767 வரை கொள்ளும். அதனுடன் ஒன்றைக் கூட்டினால் எண் புரண்டு -32,768 ஆகி விடும். இக்காலத் தொகுப்பான்கள் பெரும்பாலும் 32 பிட் கொடுக்கின்றன. 214 கோடிக்கும் மேல் கொள்ளும்.

ஒரு பெரிய எண்ணைப் பல பைட்டுகளில் வைக்கும்போது பெரிய பகுதி முதலிலா, சிறிய பகுதி முதலிலா என்பதும் பொறிக்குப் பொறி மாறும். 3-4 என்று தேதி எழுதினால் நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்கருக்கு மார்ச் 4 அல்லவா? அதே குழப்பம்.

இதற்குத் திறந்த மூல நிரல்காரர்கள் கண்டுபிடித்த உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. கட்டத் தொடங்கும் முன் 'கன்ஃபிகர்' என்ற சிறு நிரலை ஓட விடுகிறார்கள். அது புது ஊருக்கு வந்த சமையற்காரர் போல ஒவ்வொன்றாக விசாரிக்கும். இங்கே தொகுப்பான் உண்டா? முழு எண் எத்தனை பைட்? பெரிய பகுதி முதலிலா? இன்ன நூலகம் இருக்கிறதா? வெறும் வாய்ச் சொல்லை நம்பாது. இரண்டு மூன்று வரியில் குட்டி நிரல் ஒன்றை எழுதித் தொகுத்துப் பார்க்கும். தொகுப்பான் ஏற்றுக் கொண்டால் 'உண்டு', மறுத்தால் 'இல்லை' என்று குறித்துக் கொள்ளும். அந்தக் குறிப்பைக் கொண்டு பிறகு நிரல் கட்டப்படும்.

இதுவரை நிரல் புது ஊருக்குப் போனது. ஊரே புதிதாக முளைத்தால்? சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைத்த 'சக்தி' என்னும் செயலி 2018ல் சிப்பாக உருவெடுத்தது. அது ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுவது. புதுச் செயலியில் தொகுப்பானும் இல்லை, தொகுப்பானைத் தொகுக்கத் தொகுப்பானும் இல்லை! இப்படிப்பட்ட வேளையில், நம் மேசைக் கணிப்பொறியில் இருந்து கொண்டே அந்தச் செயலிக்கு உரிய ஆணைகளை உண்டாக்கி அனுப்புகிறார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987ல் வெளியிட்ட ஜி.சி.சி. என்ற திறந்த மூலத் தொகுப்பான், 2017ல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து ரிஸ்க்-ஃபைவுக்கும் ஆணை தரக் கற்றுக் கொண்டது. அந்த வேலை முன்பே நடந்திராவிட்டால் ஒவ்வொரு புதுச் செயலிக்காரரும் தொகுப்பானையும் தாமே எழுத வேண்டியிருக்கும்.

ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் தீர்ப்பது எப்படி என்று கேட்கிறீர்களா? நூறு வரி நிரல் ஓடவில்லையானால் பாதியை வெட்டிப் பாருங்கள். பிழை இன்னும் இருந்தால் மீதியிலும் பாதியை வெட்டுங்கள். போய் விட்டால் வெட்டிய பாதியில் தேடுங்கள். ஆறேழு வெட்டில் குற்றவாளி அகப்படுவான். தோழியின் கணிப்பொறியில் 'நெல்லை' என்ற ஒரே சொல் வரும் வரை வெட்டினால் எல்லாம் விளங்கி விடும்.

நீங்களே செய்து பாருங்கள். பைதான் 3ல் உங்கள் ஊர்ப் பெயரின் நீளத்தைக் கேளுங்கள். பிறகு அதை யூ.டி.எஃப்-8 பைட்டுகளாக மாற்றி மறுபடி கேளுங்கள். கையால் எண்ணிய எழுத்துக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஆலங்குளம், சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி எல்லாம் நல்ல பெயர்கள். விடைக்குப் பக்கத்தில் எந்தக் கணிப்பொறி, எந்த இயக்க முறைமை, பைதானின் எந்தப் பதிப்பு என்பதையும் மறவாமல் எழுதி வையுங்கள்.