கிராண்டில் இருக்கும் வண்டியும் சாலையில் ஓடும் வண்டியும்

ஜொகூர் பாருவில் ஒரு வேனைக் கேம்பர்வேனாக மாற்றி, கணவனும் மனைவியுமாக நீண்ட பயணம் கிளம்ப நினைப்பவர்களுக்கு முதல் தடை கண்ணெதிரே இருக்கிறது. 1924இல் திறக்கப்பட்ட பாலத்தின் மறுமுனையில் தெரியும் சிங்கப்பூருக்குள் அந்த வண்டி போக முடியாது. கேம்பர்வேன், மோட்டார்ஹோம், கேரவன் எதையும் சிங்கப்பூர் தன் சாலைகளில் அனுமதிப்பதில்லை. காப்புறுதி சரியாக இருக்கிறது, ரோட் டேக்ஸ் கட்டியாயிற்று என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. ஆக, ஜொகூர்க்காரர்களுக்கு வடக்கு ஒன்றுதான் வழி.

வடக்கே போகும் சாலைக்கு ஒரு பெரிய ஆசை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆசிய நெடுஞ்சாலை 2 ஜொகூர் பாரு, கோலாலம்பூர், ஹாட்யாய், பேங்காக் என்று ஏறி, மியன்மாரைக் கடந்து, மணிப்பூரின் மோரே ஊரில் இந்தியாவைத் தொடுகிறது. பர்மாவிலிருந்து 1960களில் வெளியேறிய தமிழர்கள் குடியேறிக் கோயில் கட்டிய அதே மோரேதான். 1955இல் லண்டனில் கிளம்பிய ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் பர்மா வழியாகவே 1956 மார்ச்சில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள். வரைபடத்தைப் பார்த்தால் மதுரை வரை ஒரே ஓட்டமாக ஓட்டிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் 2021 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மியன்மாரில் போர் ஓயவில்லை. 2023 மே மாதம் மணிப்பூரே பற்றி எரிந்தது. இன்றைய நிலையில் அந்தப் பாதையை நம்பி வேலையை விடுவதையோ, சேமநிதிப் பணத்தை எடுப்பதையோ நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். தாய்லாந்தும் லாவோஸும் எட்டக்கூடியவை. வியட்நாமுக்கு வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியைக் கொண்டுபோக முன்கூட்டியே அனுமதி வேண்டும். தாய்லாந்து–கம்போடிய எல்லை 2025 ஜூலைச் சண்டையை ஒட்டி மூடப்பட்டதையும் மறக்க வேண்டாம்.

பாதை அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி வண்டி. இணையத்தில் எல்லாரும் படுக்கையின் அகலத்தையும் சோலார் தகட்டின் வாட்டையும் பேசுகிறார்கள். கிராண்டை, அதாவது வண்டியின் பதிவு ஆவணத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. உங்கள் வண்டியின் உடல் வகை, இருக்கைகளின் எண்ணிக்கை, எடை, எந்தப் பயன்பாட்டுக்கான வண்டி என்பதெல்லாம் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் இருக்கின்றன. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலை ஆணியடித்த கணத்திலிருந்து, பதிவில் இருப்பது ஒரு வண்டி, சாலையில் ஓடுவது வேறு வண்டி. சாலைத் தடுப்பில் நிற்கும் அதிகாரி, காப்புறுதி நிறுவனத்தின் இழப்பு மதிப்பீட்டாளர், எல்லையில் இருக்கும் சுங்க அதிகாரி மூவரும் இந்த இடைவெளியைத்தான் தேடுவார்கள்.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், பதிவு விவரங்களை மாற்றும் எந்தத் திருத்தத்தையும் ஜேபிஜேவுக்குத் தெரிவித்தாக வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் வரைபடத்தோடு விண்ணப்பம், பிறகு எழுத்துபூர்வ அனுமதி, அதற்குப் பிறகு பட்டறை வேலை, பரிசோதனை, கடைசியில் கிராண்டில் திருத்தம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘முதல்ல செஞ்சிடலாங்க, பேப்பர அப்புறம் பாத்துக்கலாம்’ என்று பட்டறைக்காரர் சொன்னால், அடுத்த பட்டறைக்குப் போவது நல்லது. விலை குறைவு என்று சரக்கு வேனை வாங்குவோர் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வர்த்தக வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம். நெடும்பயணத்தின் நடுவில் அதற்காகவே ஊர் திரும்ப வேண்டியிருக்கும். உங்களிடம் இருப்பது டி உரிமம் என்றால், சுமையில்லா எடை 3,500 கிலோவைத் தாண்டாத வண்டியைத்தான் ஓட்டலாம். பொருத்திய அலமாரியும் பேட்டரியும் அந்த எடைக்குள்தான் வரும்.

பட்டறையோடுதான் அதிகச் சண்டைகள் வருகின்றன. முன்பணம் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் இழுத்தடிப்பது, சொன்ன பேட்டரி ஒன்று, வைத்த பேட்டரி வேறொன்று, மழைக்குக் கூரை ஒழுகுவது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட எழுதாவிட்டாலும், சேவை தருபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலையைச் செய்ய வேண்டும், நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும், செய்தது சொன்ன நோக்கத்துக்குப் பொருந்த வேண்டும் என்று அந்தச் சட்டமே உத்தரவாதம் தருகிறது.

தீர்வு தேடிப் போக வேண்டிய இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், மலாய்ச் சுருக்கத்தில் டிடிபிஎம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும். இரு தரப்புக்கும் பொதுவாக வழக்கறிஞர் கிடையாது என்பதால் பட்டறைக்காரரும் நீங்களும் நேருக்கு நேர் பேசிக்கொள்வீர்கள். தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாமல் இருப்பது குற்றம். இழப்பு 60,000 என்றால் மிச்சப் பத்தாயிரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு இங்கே வரலாம். ஒரே கோரிக்கையை இரண்டாக உடைத்துப் போட முடியாது. முழுத் தொகையும் வேண்டும் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 100,000 ரிங்கிட் வரை விசாரிக்கும், ஆனால் நாளும் செலவும் கூடும். நடுவர் மன்றத்தில் வெல்வது வாட்ஸ்அப் உரையாடல்களும் ரசீதுகளும்தான். ரொக்கமாகக் கொடுத்து, துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கியவர்கள் அங்கே தடுமாறுகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பயணம் இல்லாத மாதங்களில் வேனை வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். வியாபாரத்துக்கு வாங்கியவர் சட்டத்தின் கண்ணில் பயனீட்டாளர் ஆவதில்லை. நடுவர் மன்றக் கதவு அப்போதே மூடிவிடலாம். உரிமம் இல்லாமல் வாடகைக்கு விட்ட வண்டி விபத்துக்குள்ளானால் தனியார் வண்டிக் காப்புறுதியும் கைகொடுக்காது.

காப்புறுதிக்கு வருகிறேன். 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டப்படி, காப்புறுதி எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் நிறுவனம் கேட்பதற்கு நியாயமான கவனத்தோடு உண்மையைச் சொல்வது உங்கள் கடமை. வேனுக்குள் எரிவாயு அடுப்பும் லித்தியம் பேட்டரியும் இருப்பதைச் சொல்லாமல் விட்டு, பிறகு தீப்பிடித்தால் இழப்பீடு குறையலாம், கிடைக்காமலே போகலாம். முகவரிடம் வாயால் சொன்னது போதாது. மின்னஞ்சலில் எழுதி, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாற்றியமைப்புக்குச் செலவான தொகையும் காப்புறுதி மதிப்பில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராவிட்டால் 80,000 ரிங்கிட் வேலை போட்ட வண்டிக்குப் பழைய வேனின் விலைதான் வரும்.

மலேசிய வாகனக் காப்புறுதி வழக்கமாக மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றுக்கும் பொருந்தும். தாய்லாந்துக்கு 101 என்ற பிற்சேர்க்கையைத் தனியாகக் கட்டணம் கட்டி எடுக்க வேண்டும். அது உங்கள் பாலிசியை எல்லைக்கு அப்பால் நீட்டிக்கும். தாய்லாந்துச் சட்டம் கேட்கும் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதி வேறு. எல்லைக்கு முன்பாகக் கடைகளில் விற்கிறார்கள். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று நினைத்து மாட்டிக்கொள்வோர் இன்றும் இருக்கிறார்கள். நிறுவனம் இழப்பீட்டை மறுத்தால், அதன் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இது 250,000 ரிங்கிட் வரையிலான பிணக்குகளைப் பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்காமல் விசாரிக்கிறது.

வண்டி தவணைக் கொள்முதலில் இருந்தால் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வங்கியின் அனுமதிக் கடிதம் தேவை. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் வண்டியைப் பறிமுதல் செய்யும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். அந்த அறிவிப்பு ஜொகூர் வீட்டுத் தபால் பெட்டியில் கிடக்க, நீங்கள் சியாங் மாயில் இருப்பீர்கள். உள்நாட்டில் ரோட் டேக்ஸைக் கைப்பேசியில் காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. எல்லையில் காகிதம்தான் பேசும், அச்சிட்டு எடுத்துப் போங்கள். ஆசியான் நாடுகள் ஒன்று மற்றொன்றின் ஓட்டுநர் உரிமத்தை 1985 ஒப்பந்தப்படி ஏற்கின்றன. அதற்கு அப்பால் ஜேபிஜே தரும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி வேண்டும், ஓராண்டுக்குச் செல்லும்.

எல்லையில் அதிகம் பேர் தவறும் இடம் ஒன்று உண்டு. உங்கள் கடப்பிதழில் குத்தும் நாள்களும் வண்டிக்குச் சுங்கத்துறை தரும் தற்காலிக இறக்குமதி நாள்களும் ஒன்றல்ல. ஆளுக்கு இன்னும் நாள் மிச்சம் இருக்கும், வண்டிக்கு முடிந்திருக்கும். அபராதம் நாள்கணக்கில் ஏறும். இரண்டு தேதிகளையும் கண்ணாடி அருகே எழுதி ஒட்டிவையுங்கள்.

மதுரைக் கனவை விட முடியாதவர்கள் வண்டியைக் கப்பலில் சென்னைக்கு அனுப்பலாம். அதற்குக் ‘கார்னே’ என்னும் சுங்க ஆவணம் வேண்டும். மலேசிய வாகனமோட்டிகள் சங்கமான ஏஏஎம், வண்டியின் மதிப்பைப் பொறுத்த பெரிய பிணைத்தொகையை வாங்கிக்கொண்டு அதைத் தருகிறது. வண்டி வெளியேறியதற்கான முத்திரை ஒன்று விடுபட்டால் அந்தப் பணம் சிக்கிக்கொள்ளும். வண்டியை அங்கேயே விற்றுவிடலாம் என்ற யோசனைக்கும் இடமில்லை.

உயிருக்கு ஆபத்தானவையும் உண்டு. எஞ்சினை ஓடவிட்டு ஏர்கானில் தூங்குவது நம் ஊரில் சர்வ சாதாரணம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்கியவர் எழுவதில்லை. அதைக் கண்டறியும் கருவி ஒன்றைத் தலைமாட்டில் பொருத்துங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். காற்றுத் துளை தரை மட்டத்தில் இல்லாத வேனில் சிலிண்டரை வைக்கக் கூடாது. எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதையும் பாருங்கள். 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங்காலி முகாம் தளத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அந்த இடத்துக்கு முகாம் தள உரிமம் இருக்கவில்லை. உரிமம் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை, நடத்துபவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை மெர்சிங் கடலோரத்திலும் ஆற்றங்கரைகளிலும் இரவு தங்காதீர்கள்.

தாய்லாந்திலிருந்து திரும்பும்போது யார் கொடுத்த பொட்டலத்தையும் வாங்காதீர்கள். 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டத்தில், உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள பொருளில் போதைப்பொருள் இருந்தால், இல்லை என்று நிரூபிக்கும் வரை அது உங்களுடையதாகவே கருதப்படும். 200 கிராம் கஞ்சா கடத்தல் குற்றச்சாட்டுக்குப் போதும். வேனின் வெளிப்புற அறைகளுக்குப் பூட்டு அவசியம்.

கடைசியாக, தம்பதியர் பேசிக்கொள்ளத் தயங்கும் விஷயம். வண்டி பெரும்பாலும் கணவர் பெயரில் இருக்கும், ஓட்டுபவரும் அவரே. அந்நிய ஊரில் அவர் படுத்துவிட்டால் மனைவி வண்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அதற்கு அவரிடம் உரிமம் இருக்க வேண்டும், வண்டியைக் கொஞ்சமாவது ஓட்டிப் பழகியிருக்க வேண்டும், உரிமையாளரின் அதிகாரக் கடிதம் கையில் இருக்க வேண்டும். ஊரிலுள்ள வீட்டையும் கணக்கையும் பிள்ளைகள் கவனிக்கப் பதிவு செய்த அதிகாரப் பத்திரம் எழுதலாம். ஆனால் எழுதியவர் இறந்தால் அதுவும் இறந்துவிடும், பிறகு உயில்தான் பேசும். முஸ்லிம் அல்லாதவர்களின் உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சொத்து பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், அந்தப் பங்கு அவருக்குக் கிடைக்காது. தென் தாய்லாந்தில் உதவிக்கு சொங்க்லாவில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. கிளம்பும் முன் அதன் எண், காப்புறுதி எண், கிராண்டின் நகல், கடிதம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு இருவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். இன்னொரு நகலை ஊரில் இருக்கும் பிள்ளையிடம் கொடுங்கள்.