ஆள் பார்த்து ஒட்டும் உயிரணுக்கள்

ஆரணியில் நெசவாகும் பட்டு நூல், சாயம் ஏறும் முன் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் வேகிறது. கச்சா நூலின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அப்போது கரைந்துபோகும். கரைவது செரிசின் என்ற புரதப் பசை. ஃபைப்ராயின் என்ற புரத இழைகள் இரண்டை ஒன்றாகப் பிடித்துவைக்கப் புழு பூசியது அது. அது போன பிறகுதான் விறைப்பான நூல் குழைந்து பளபளக்கிறது. நம் உடலின் உயிரணுக்களையும் இப்படி ஏதோ ஒரு பசைதான் சேர்த்துவைத்திருக்கிறது என்று நினைப்பது எளிது. ஆனால், பசைக்கு எதன்மேல் பட்டாலும் ஒன்றுதான். உயிரணுவோ யாரை, எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று தேர்ந்தெடுக்கிறது. அதைத் தீர்மானிப்பவை அதன் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்.

பட்டிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இன்டெக்ரின் என்ற சவ்வுப் புரதங்களில் பல, ஆர்ஜினைன், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அடுத்தடுத்து வரும் இடத்தைத் தேடிப் பற்றுபவை. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் கிடைக்கும் டசர் பட்டின் ஃபைப்ராயினில் அந்த வரிசை உண்டு. ஆரணியில் நெய்யும் மல்பெரிப் பட்டில் இல்லை. மல்பெரிப் பட்டின் மேலும் ஆய்வகங்களில் உயிரணுக்கள் வளரத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். வளர்க்கும் திரவத்திலுள்ள வேறு புரதங்கள் முதலில் பட்டின்மேல் படிகின்றன. உயிரணு பெரும்பாலும் அவற்றைத்தான் பற்றுகிறது.

இந்தத் தேர்வு பல உயிரணுக்களால் ஆன விலங்குகளோடு பிறந்ததில்லை. நன்னீர் நத்தையின் உடலில் கண்டெடுக்கப்பட்ட காப்சஸ்போரா என்ற ஒற்றை உயிரணு உயிரியிடமும் இன்டெக்ரின் மரபணுக்கள் இருப்பது 2010இல் தெரியவந்தது. அது நமக்குத் தூரத்து உறவு. ஆனால், இந்தத் தேர்வை அந்த உறவின் மரபுரிமை மட்டும்தான் என்று ஒதுக்கிவிட முடியாது. விலங்குக் கிளையிலேயே சேராத டிக்டியோஸ்டீலியம் என்ற மண் அமீபாவிடமும் இதே உத்தி வேறு புரதங்களால் நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வித்யானந்த் நஞ்சுண்டையா நெடுங்காலம் ஆராய்ந்த உயிரி இது. பாக்டீரியா இரை இருக்கும்வரை தனியே திரியும். பசி வந்தால் ஆயிரக்கணக்கில் கூடும். கூடத் தொடங்கும்போது கால்சியம் தேவைப்படும் ஒரு புரதம் பிடிக்கிறது; சில மணி நேரம் கழித்துக் கால்சியம் இல்லாமலே பிடிக்கும் இன்னொன்று சவ்வுக்கு வருகிறது; டிஜிஆர்பி1, டிஜிஆர்சி1 என்ற சோடி சொந்தக் கூட்டத்தை அடையாளம் காண்கிறது. கூடியவற்றில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு காம்பாகி மடிந்து, மற்றவை வித்தாக வழிவிடும். உயிரைக் கொடுக்கும் இடத்தில் யாரோடு சேர்கிறோம் என்பது சின்ன விஷயமில்லை. அந்தச் சோடியின் மரபணுக்களை மட்டும் வேறொரு வகையினுடையதாக மாற்றிப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள், 2011இல். மற்ற எல்லாவற்றிலும் ஒன்றேபோலிருந்த சொந்த வகையோடு அந்த அமீபா சேரவில்லை. பொருந்தும் சோடியைக் கூடுதலாகக் கொடுத்ததும் சேர்ந்துகொண்டது.