ஜன்னலுக்கு அடியில் கண்ணாடி பிடித்துப் பாருங்கள்!

கடலூரில் நாங்கள் இருக்கும் வீடு என் மாமனார் கட்டியது. ஜன்னல் கதவெல்லாம் வேப்ப மரம். மழை வந்தால் உப்பிக்கொண்டு சாத்த வராது. 2023 மழையின்போது தொல்லை தாங்காமல் ஒருவரைக் கூப்பிட்டு ஓரத்தை இழைக்கச் சொன்னேன். கதவு நன்றாகச் சாத்தியது. காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். இழைத்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று தோன்றவேயில்லை.

வெயிலில் மரம் சுருங்கி, கதவுகளுக்கு நடுவே சந்து விழுந்தது. அடுத்த மழையிலோ, பெயின்ட் இல்லாத அந்த ஓரம் தண்ணீரைக் குடித்து முன்னைவிட உப்பிவிட்டது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவு, கதவு பாதியில் சிக்கிக்கொண்டது. ஜன்னலோரம் படுத்திருந்த மாமியாரின் மெத்தை, தலையணை எல்லாம் நனைந்துவிட்டது. அவருக்கோ மூச்சிரைப்பு. விடிய விடிய நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார்.

"எல்லாத்தையும் பிடுங்கிட்டு அலுமினியம் போட்டுடலாம்" என்றார் என் கணவர். மாமியார், "அவர் பார்த்துப் பார்த்துப் போட்டதுப்பா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது என்பதால் எனக்கு மனசு கேட்கவில்லை.

சித்திரையில் வயதான ஆசாரி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஒரு சின்னக் கண்ணாடியைக் கதவின் அடியில் பிடித்துக் காட்டி, "பாரும்மா, முகத்துக்குப் பவுடர் பூசியிருக்கீங்க, பாதத்தைப் பார்க்கலையே!" என்றார். அடி ஓரத்தில் பெயின்ட்டே இல்லை! மரத்தின் வெட்டு முனை வழியாகத்தான் தண்ணீர் அதிகம் ஏறுமாம்.

கதவுகளைக் கழற்றி, நிழலில் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். மேல், அடி, பக்கம் என்று எல்லா ஓரத்துக்கும் ஒரு கை பிரைமரும் இரண்டு கை எனாமல் பெயின்ட்டும் அடித்தார். கண்ணாடியைச் சுற்றி வெடித்திருந்த பழைய மக்கைச் சுரண்டிப் புதிதாக வைத்தார். கதவின் வெளிப்புற அடியில் சரிவாக ஒரு சட்டம் அடித்ததால், வழியும் தண்ணீர் உள்ளே வராமல் தள்ளி விழுகிறது. ஜன்னல் திண்டையும் வெளிப்பக்கம் சரியும்படி சிமென்ட் பூசச் சொன்னார். அடுத்த மழையில் கதவு சிக்கவில்லை. மாமியார் அதே ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கினார்.

தோழிகளே, மழையில் உப்பிய கதவை அவசரப்பட்டு இழைக்காதீர்கள். லேசாகப் பிடித்தால் ஓரத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும். சந்தில் துணி அடைத்தால் அது ஈரத்தை வைத்துக்கொண்டு மரத்தை இன்னும் ஊறவைக்கும். அதற்குப் பதில் வெளிப்பக்கம் பிளாஸ்டிக் தாள் கட்டுங்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே, உங்கள் வீட்டு ஜன்னலுக்கு அடியிலும் ஒருமுறை கண்ணாடி பிடித்துப் பார்த்துவிடுங்களேன்!

— ஒரு வாசகி, கடலூர்.